நாணயம் ஏட்டில் ஏறட்டும்

வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பவர்களுக்குத் தாம்பரத்தில் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பலர் வங்கிப் படியேறிக் கடன் கேட்டால், அங்கே கையை விரிக்கிறார்கள். யாரையும் ஏமாற்றிய குற்றம் அவர்கள்மேல் இல்லை. ஒழுங்காகக் கட்டினார்கள் என்பதற்கு எங்கும் எழுத்து இல்லை, அவ்வளவுதான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மேற்குத் தாம்பரத்திலேயே தங்கிவிட்ட எனக்கு, இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளும், சொந்தக் காலில் நிற்க நினைக்கும் பெண்களும் இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

சண்முகம் சாலை மார்க்கெட் பக்கம் பூ விற்கும் ஓர் அம்மாவிடம்தான் வீட்டுக்குப் பூ வாங்குவது வழக்கம். கூடைக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் ஓர் அட்டை வைத்திருப்பார். அதில் நூறு கட்டங்கள். சாயங்காலம் தண்டல்காரர் வருவார். வண்டி இன்ஜினைக்கூட அணைக்காமல் கையை நீட்டுவார். அம்மா சுருட்டி வைத்திருக்கும் நூறு ரூபாயைக் கொடுத்ததும் ஒரு கட்டத்தில் பேனாக் கோடு விழும். கடன் 10,000 ரூபாய் என்று பேர். கைக்கு வருவது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி 120 சதவிகிதத்தைத் தொடுகிறது.

“மழையில யாவாரம் ஆகாத அன்னைக்குக்கூட தண்டல நிறுத்தினதில்ல சார்” என்றார் அந்த அம்மா. சத்தியமான வார்த்தை. ஆனால் நூறாவது கட்டம் நிரம்பியதும் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தண்டல்காரர் புது அட்டையை நீட்டுகிறார். நூறு நாள் காப்பாற்றிய நாணயம் அந்தக் குப்பையோடு போய்விடுகிறது.

குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை இதே கதைதான். மாதா மாதம் ஏலச்சீட்டுப் பணத்தைத் தேதி தவறாமல் கட்டுகிறவர், அண்ணாச்சி கடைப் பற்றைச் சம்பளத்தன்றே தீர்க்கிறவர், சேட்டு கடையில் வைத்த வளையலை வட்டியோடு மீட்கிறவர், வீட்டு வாடகையை ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறவர் என்று நல்லவர்கள் நிறைந்த ஊர் இது. ஆனால் வங்கி பார்க்கும் ஏட்டில் இவற்றில் ஒன்றும் பொதுவாக ஏறுவதில்லை. வாழ்நாளெல்லாம் நாணயமாக இருந்தவரும், நேற்றுத்தான் பதினெட்டு வயது நிறைந்தவரும் அந்த ஏட்டுக்கு ஒன்றுதான். இரண்டு பேருக்குமே பக்கம் வெறுமையாக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஓர் ஏடு கிடையாது. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அவர்கள் தெருவில் விசாரிப்பார்களே, அப்படித்தான் வங்கியும் விசாரிக்கும். மனுப் போட்டவரின் வீட்டுப் பக்கம் போவோம், மளிகைக் கடையில் கேட்போம், வேலை செய்யும் இடத்தில் கேட்போம், போதாக்குறைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்போம். ஊரில் வேர் விட்டவனுக்கு அது வசதி. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து பெருங்களத்தூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவனைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? அவனுக்காக யார் ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள்?

ஆளின் பேரை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. அதற்குச் சென்னையே சாட்சி. ஆர்பத்நாட் கம்பெனி என்றால் ஒரு காலத்தில் ஊரே கையெடுத்துக் கும்பிட்ட பேர். 1906 அக்டோபரில் அது திவாலானபோது, பேரை நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி. பேருக்குப் பின்னால் கணக்கு இருக்க வேண்டும் என்று நம் ஊர் அன்றைக்கே பட்டுத் தெரிந்துகொண்டது.

கடன் வாங்குகிறவர்களின் கணக்கை ஒரே இடத்தில் திரட்டும் வேலை இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு சிபில் நிறுவனத்தோடு தொடங்கியது. 2005-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ‘சிபில்’ என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். நீங்கள் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய நாள் அனைத்தையும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றுக்கு அனுப்புகின்றன. 2025 ஜனவரி முதல் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக வங்கிகள் முகம் மலர்ந்து பேசும். கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இருக்காது. அந்த இடத்தில் ‘மைனஸ் ஒன்று’ என்றோ ‘என்.எச்.’ என்றோ இருக்கும்.

சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் பைக் லோன் கேட்டுப் போய், முகம் வாடித் திரும்பி வந்து என்னிடம் கேட்பதுண்டு: “நான் யாருக்கும் ஒரு ரூபா பாக்கி வெக்கல, அங்கிள். அப்புறம் ஏன் சிபில் இல்லேங்கறாங்க?” அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பதிவு இல்லாமல் இருப்பது குற்றமில்லை என்பதைத்தான். முதல்முறை கடன் கேட்பவரின் மனுவை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருப்பதை மத்திய நிதித்துறை 2025-ல் நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. வருமானம், வேலை, வங்கிக் கணக்கில் நடக்கும் வரவுசெலவு ஆகியவற்றைப் பார்த்து வங்கி முடிவெடுக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு மரியாதையாகக் கேளுங்கள். அதே சமயம், அவசரம் வரும்வரை காத்திருக்காமல் இன்றே அந்த வெறும் பக்கத்தில் முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.

எப்படித் தொடங்குவது? சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் எளிய வழி, வைப்புத்தொகையின்மேல் எடுக்கும் கிரெடிட் கார்டு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 15,000, 20,000 என்று முடிந்ததை எஃப்.டி. போடுங்கள். அதை ஈடாக வைத்து, அதில் முக்கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலான வரம்போடு பல வங்கிகள் கார்டு தருகின்றன. போட்ட பணத்துக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். அந்தக் கார்டில் சிலிண்டர், மொபைல் ரீசார்ஜ், கரன்ட் பில் என்று எப்படியும் செலவழிக்கப்போகும் பணத்தை மட்டும் செலவழியுங்கள். வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். ஏறத்தாழ ஆறு மாதத்தில் உங்களுக்கும் ஒரு மதிப்பெண் வந்துவிடும். இதற்காக ஒரு ரூபாய்கூட வட்டி கட்டியிருக்க மாட்டீர்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பில்லில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் போதும் என்று நினைத்துத்தான் பல பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். 30,000 ரூபாய் பாக்கி நின்று, மாத வட்டி மூன்றரை சதவிகிதம் என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 1,050. அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 189. ஆக 1,239 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போகும். அசல் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆண்டுக் கணக்கில் இது 42 சதவிகித வட்டி. முழுப் பில்லையும் கட்ட முடியாது என்று தெரிந்தால், அந்தப் பொருளை அந்த மாதம் வாங்காதீர்கள்.

பூக்கார அம்மா போன்றவர்களுக்கு பி.எம். ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஜூனில், சாலையோர வியாபாரிகளுக்காகத் தொடங்கியது. முதல் கடன் 10,000 ரூபாய் என்று இருந்ததை 2025-ல் 15,000 ஆக உயர்த்தினார்கள். அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000. அதையும் கட்டினால் 50,000. சரியாகக் கட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவிகிதம் வட்டி மானியம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் வியாபாரிச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வாங்கிக்கொண்டால் வங்கியில் மனுச் செய்யலாம். தண்டலோடு ஒப்பிட்டால் இதில் வட்டி குறைவு என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், கட்டும் ஒவ்வொரு தவணையும் அந்த அம்மாவின் பேரில் பதிவாகிறது என்பது. அந்த அட்டையை யாரும் கிழித்துப் போட முடியாது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் நம் குடும்பங்களில் முதலில் கழற்றுவது அம்மாவின் நகையைத்தான். ஆனால் வங்கியில் அடகு வைக்கும்போது பல வீடுகளில் கடன் கணவன் பேரில் எழுதப்படுகிறது. வட்டி கட்ட ரூபாய் சேர்ப்பவர் மனைவி; கணக்கு ஏறுவது கணவன் பேரில். கணவர் திடீரென்று இல்லாமல் போனால், தையல் கடை வைக்க அரசின் முத்ரா திட்டத்தில் கடன் கேட்டுப் போகும் அந்த அம்மாவுக்கு ஏட்டில் ஒரு வரிகூட இருக்காது. நகை உங்களுடையது என்றால் கடனும் உங்கள் பேரிலேயே இருக்கட்டும். வங்கியிலும் பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலும் வைக்கும் நகைக்கடன் ஏட்டில் ஏறும். தெருமுனை அடகுக் கடையில் வைத்தது பொதுவாக ஏறாது. கெடு தேதிக்கு முன் மீட்டுவிட வேண்டும் அல்லது முறைப்படி புதுப்பித்துவிட வேண்டும். ஏலத்துக்குப் போனால் நகையோடு பேரும் போகும்.

தொடங்கிவிட்ட பிறகு காக்க வேண்டியது தேதியை. சம்பளம் முதல் தேதி வருகிறதென்றால் தவணையை ஐந்தாம் தேதிக்கு வையுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி செய்துகொள்ளுங்கள். தவணைத் தொகைக்குமேல் இரண்டாயிரம் எப்போதும் கணக்கில் கிடக்கட்டும். கார்டுப் பணம் கெடு தாண்டி மூன்று நாளுக்குமேல் நின்றால்தான் அதைத் தாமதம் என்று பதியலாம் என்பது விதி. ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம், உடனே கட்டிவிடுங்கள். ஒரே வாரத்தில் நாலைந்து இடங்களில் கடன் கேட்டு மனுப் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகும்; பார்ப்பவர்களுக்கு நீங்கள் நெருக்கடியில் இருப்பதாகத் தோன்றும்.

இனிச் சொல்லப்போவதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளின் பேர் பெரும்பாலும் அவர்கள் கடனால் கெடுவதில்லை, அடுத்தவர் கடனால்தான் கெடுகிறது. “மச்சான், உன் பேர்ல போன் எடுத்துக் குடு, மாசா மாசம் நான் கட்டிடறேன்” என்று அறையில் கூட இருப்பவன் கேட்பான். நண்பன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் வேலை போய்விட்டால் என்ன செய்வீர்கள்? தவறிய தவணை உங்கள் ஏட்டில்தான் விழும். வட்டியில்லாத் தவணையில் வாங்கும் போனும் கடன்தான். ஜாமீன் கையெழுத்தும் அப்படியே. அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் தெரியும். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களைத் தேடி வரும். உறவுக்கு உதவ வேண்டும் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். பேரைக் கொடுக்காதீர்கள்.

ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று போனில் வரும் செயலிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். முறையான நிறுவனங்களோடு சேர்ந்து இயங்கும் கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் 2025 ஜூலை முதல் வெளியிட்டிருக்கிறது. அதில் இல்லாத செயலிக்கு ஆதாரும் பான் எண்ணும் கொடுக்காதீர்கள். கட்ட முடியாத நெருக்கடி வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டாம். வங்கிக்கு நேரே போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். பாதியைக் கட்டினால் மீதியை விட்டுவிடுகிறோம் என்று ‘செட்டில்மென்ட்’ பேச வருபவர்களிடம் யோசித்துச் சம்மதியுங்கள். அப்படி முடிந்த கடன் ‘செட்டில்டு’ என்று பதியப்படும். அடுத்த வங்கி அதைக் கண்டால் தயங்கும். கடனை முழுதாகக் கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். முடிச்சூரிலோ மாடம்பாக்கத்திலோ ஒரு சின்ன பிளாட் வாங்க 40 லட்சம் கடன் வாங்குகிறீர்கள், 20 ஆண்டில் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். வட்டி 8 சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 33,460 ரூபாய். 9 சதவிகிதம் என்றால் சுமார் 35,990. மதிப்பெண்ணைப் பார்த்து வட்டியைக் கூட்டிக் குறைக்கும் வங்கிகள் பல. அந்த ஒரு சதவிகிதத்துக்கு 20 ஆண்டில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ஆறு லட்சம் ரூபாய். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பே அதில் முடியும். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இந்த ஏட்டைப் பார்ப்பது வந்துவிட்டது. தேர்வுகளில் எல்லாம் வென்ற ஒருவருக்கு, கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சரி என்றது. அறிவிப்பிலேயே அந்த நிபந்தனை இருந்தது. அதே சமயம், மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னதையும் பெற்றோர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஏட்டில் தவறும் நேரும். வேறொருவர் கடன் உங்கள் பேரில் ஏறியிருக்கலாம். கட்டி முடித்தது முடியாததாகவே இருக்கலாம். நான்கு நிறுவனங்களும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் நமக்கு இருக்கும் உரிமை இது. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், 2024 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

மதிப்பெண்ணுக்காகத் தேவையில்லாத கடன் வாங்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடனில்லாத வாழ்க்கைக்கு ஈடு எதுவும் இல்லை. 900 வாங்கியவர் உத்தமரும் இல்லை, 600 வாங்கியவர் அயோக்கியரும் இல்லை; நோயும் வேலை இழப்பும் எந்த நல்லவரையும் தவணை தவற வைக்கும். ஆனால் வீடு, படிப்பு, தொழில் என்று வாழ்க்கையில் ஒருமுறையாவது பெரிய தொகை தேவைப்படும். அன்றைக்குத் தண்டல்காரரிடம் 120 சதவிகிதத்துக்கு நிற்கப்போகிறோமா, வங்கியில் 9 சதவிகிதத்துக்கு உட்காரப்போகிறோமா என்பதை, அதற்குப் பல ஆண்டு முன்பே நாம் கட்டிய சின்னச் சின்னத் தவணைகள்தான் தீர்மானிக்கின்றன.

பிள்ளைகளே, நாணயமாக வாழ உங்கள் அம்மா அப்பா ஏற்கெனவே கற்றுக் கொடுத்துவிட்டார்கள். அதை உங்கள் பேரில் எழுத வைப்பது மட்டும்தான் பாக்கி. இந்த மாதமே உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் சிறிதாகத் தொடங்குங்கள். வீட்டில் அம்மாவின் பேரிலும் ஓர் அறிக்கை எடுத்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.